தேதியிட்ட நாணயப் பெட்டி

14.06.2025, சனிக்கிழமை.

சென்ற ஆண்டு வெளியான நினைவு நாணயத் தொகுப்பை இன்று அம்பத்தூரிலுள்ள பழைய நாணயக் கடைக்கு எடுத்துச் சென்றேன். நல்ல விலைக்கு விற்று, அது வீண்செலவன்று என்று மனைவிக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. பெட்டியை நான் பிரிக்கவே இல்லை.

கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், சீல் மேலயே மார்க்கர்ல எழுதி வச்சிக்கீறீங்க?"

"வாங்கிய தேதி. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது."

"பொட்டி மேல கறை இருந்தாலே ரேட்டு போய்டும் சார். நீங்க வாங்குன வெலகூட வராது."

தேதியில்லாத பொருளை எவ்வாறு நம்பி வாங்குகிறார்களோ, எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் நடந்ததைக் கூறினேன். "கல்யாணப் பொடவையிலயே தேதி எழுதுன மனுஷன்தானே," என்றாள் மனைவி.

முந்தானையிலா எழுதினேன்? உள்மடிப்பின் ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில்தான்.