ஓடைக்குள் டீசல் ஜீப்

பாலகாட், 12.10.1999

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு வல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

சனிக்கிழமை பக்கத்து ஊரான பேத்தமங்களாவுக்குப் போகும் வழியில், மழை ஓடையின் நடுவே எங்கள் ஃபாக்டரியின் பெட்ரோல் ஜீப், தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் நனைந்து, அணைந்துவிட்டது. பயப்படாதீர்கள், தண்ணீர் முழங்காலோடு நின்றது. பின்னால் டீசல் ஜீப்பில் வந்த டிரைவர் ராஜப்பா அண்ணன் எங்களைக் கடந்து போய்க் கயிறு கட்டினார்.

"இதுவும் நின்னுட்டா?" என்றேன்.

"இன்னாத்துக்கும்மா பயம்? டீசலுக்கு ஸ்பார்க்கே வேணாம்" என்றார்.

காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் எரியும் அந்த இன்ஜின், ஆள் நடக்கும் வேகத்தில், துடிப்பு மாறாமல் எங்களையும் கரையேற்றியது. கைகூப்பத் தோன்றியது அப்பா.

பெட்ரோல்தான் உசத்தி என்பீர்களே, மறுத்து எழுதுங்கள். இரண்டு பக்கமாவது எழுதுங்கள். இங்கே என்னோடு வாதாட ஆளில்லை. ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
செண்பகவல்லி