கமராவுக்கு வந்த காசுக்கட்டளை

15 நவம்பர் 2005, செவ்வாய். கெல்சென்கிர்ச்சன்.

இண்டைக்கு வங்கியில கூப்பிட்டவை. போன மாதம் நான் குடுத்து மாத்தின காசுக்கட்டளை, அந்த மணி ஓடர், கள்ளமாம்.

"அப்ப ஏன் அண்டைக்குக் காசு தந்தனீங்கள்?" எண்டு கேட்டன்.

வெளிநாட்டுக் காசுக்கட்டளையைச் சரிபார்க்கக் கனநாள் எடுக்குமாம். முழுக்கத் திருப்பிக் கட்டவேணுமெண்டு அங்க இருந்த பொம்பிளை மெதுவாத்தான் சொன்னா.

என்ரை மனுசன்ரை கமராவை இன்டர்நெட்டில வித்தது நான்தான். பக்கவாதம் வந்தபிறகு இவருக்கு வலக்கை ஏலாது. இனிக் கலியாணவீடுகளுக்குப் படமெடுக்கப் போகமாட்டார். "வித்துப்போட்டுச் சின்னவளின்ரை படிப்புக்கு எடும்" எண்டு அவர்தான் சொன்னவர். வாங்கினவன் விலையைவிடக் கூடின தொகைக்கு அந்தக் காசுக்கட்டளையை அனுப்பிப்போட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னான். காசு கைக்கு வந்திட்டுதே எண்டு நம்பி, மிச்சத்தையும் அனுப்பினன், கமராவையும் அனுப்பினன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழட்டமுதல் இவர் கேட்டார்: "வாங்கின பொடியன் ஏதும் எழுதினவனோ? கமரா பிடிச்சதாமோ?"

"ஓம். முதல் படமே வடிவா வந்ததாம்."

எத்தினையோ மாதத்துக்குப் பிறகு சிரிச்சார். "அந்த லென்ஸ் அப்பிடி" எண்டார். பிறகு, "ஒரு பேப்பர் எடும். மண்டபத்துக்குள்ள முகம் கறுக்காமல் எடுக்கிற விதத்தை நான் சொல்லுறன், அவனுக்கு எழுதிவிடும்" எண்டார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினன். இரண்டு பக்கம் வந்தது. ஒரு இடத்தில என்னை மறிச்சு, "அவனுக்கு விளங்கிறமாதிரி எழுதும்" எண்டார். திருத்தி எழுதினன்.

நாளைக்குத் தபாலில போடட்டாம்.