அம்மா பெயரில் அடைத்த ஊற்று

மேல் லயம்,
டயகம.

அன்புள்ள தம்பி கிறிஸ்டியனுக்கு,

இயேசுவுக்கே புகழ். அக்கா பிலோமினா எழுதுவது. அத்தானும் பிள்ளைகளும் சுகம். எனக்குத்தான் வயிறு எரிகிறது. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே டியூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும் வினோஜன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

அம்மாவின் ஆண்டு நினைவுக்கு நீ அனுப்பிய காசில் குகை போலக் கட்டிய மாதா கெபியைப் போட்டோவில் பார்த்து, அழகாக இருக்கிறது என்றாய். அழகுதான். அது எங்கே நிற்கிறது என்று கேட்டாயா? கோயிலுக்குப் பின்னால், பாறை இடுக்கில் வரும் ஊற்றின் மேல். மாதா காலடியில் தண்ணீர் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றார் கோயில் சபைத் தலைவர் கஸ்பர் மாமா. ஊற்றுக்கு நிழலாக நின்ற மரங்களை வெட்டினார்கள். சீமெந்துத் தொட்டி கட்டி, அம்மா பெயர் வெட்டிய கல்லைப் பதித்து, மீன் விட்டு, கேட் போட்டுப் பூட்டினார்கள். கீழே பணிய லயத்துச் சனங்கள் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு அந்த ஊற்றை விட்டால் வேறு தண்ணீர் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? அந்தப் பீலியில் குளித்து வளர்ந்தவர்தானே அவரும்.

இப்போது பணிய லயத்துச் சனங்கள் ஓடைக்கு இறங்குகிறார்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்து டாங்கியைக் கழுவுகிற ஓடை அது. போன வாரம் பூரணி தண்ணீர்க் கேனோடு வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எந்தப் பூரணி என்று கேட்டுவிடாதே. நான் கொழுந்து பறிக்கப் போன நேரமெல்லாம் அம்மாவின் மலத்துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போட்டவள். விபூதி பூசுகிற அவள் வேதத்தில் சொன்னபடி நடந்தாள். ஞானஸ்நானம் வாங்கிய நாம் மீனுக்குத் தண்ணீர் விட்டு மனுசரைத் தவிக்க விட்டிருக்கிறோம். வெட்கமாக இல்லையா?

ஞாயிறு பூசையில் பாதர், கடவுள் தந்த மண்ணையும் நீரையும் காக்க வேண்டும் என்று பிரசங்கம் வைத்தார். முன் வரிசையில் கஸ்பர் மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூசை முடிந்ததும் வாசலிலேயே மறித்துக் கேட்டேன். உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பாதர் வேனில் ஏறிவிட்டார். கஸ்பர் மாமா சொன்னது இது: "மாதாவுக்குக் குடுத்தத எப்புடிம்மா திருப்பிக் கேக்குறது? ஒன் தம்பி காசு. தம்பி ஒரு வார்த்த சொல்லட்டும், நாளைக்கே ஒடைச்சிர்றோம்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல். கெபியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டடி தள்ளி வைத்தால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் குடம் சுமந்த பெண்தான். தொட்டியை உடைத்துத் தண்ணீரைக் கீழே விடட்டும். மரம் வெட்டிய இடத்தில் கன்று நட நான் இருக்கிறேன். வருகிற ஞாயிறுக்குள் நீ அவருக்குப் போன் பண்ணாவிட்டால், அம்மா பெயர் வெட்டிய கல்லை நானே அலவாங்கு போட்டுப் பெயர்த்தெடுப்பேன். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வந்தவரை அம்மா ஒருநாளும் இல்லையென்று அனுப்பியதில்லை. அம்மாவின் பெயர் அந்தத் தொட்டியில் இருக்கக் கூடாது.

அங்கே வெயில் கொடுமை என்று வினோஜன் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள். நீ தாகத்தோடு போய் நிற்கும் இடத்தில், எந்தச் சாமி பெயரைச் சொல்லியும் எவரும் குழாயைப் பூட்டி வைக்காதிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

கோபம் தீராத உன் அக்கா,
பிலோமினா