மூடியில் ஒட்டிய லேபிள்

ஜூன் 3, செவ்வாய்
ஜூஸ் தீர்ந்த பாட்டிலைக் குப்பையில் போட்டது யார் என்று இன்று வீட்டில் விசாரணைக் கமிஷன். குற்றவாளி நான். கழுவி வைத்தால் தண்ணீர் பிடிக்கலாமாம். எங்கள் வீட்டுக்காரருக்கு வேறெதிலும் ஆசை கிடையாது, காலி பாட்டிலில்தான். அலமாரியில் முப்பத்திரண்டு நிற்கின்றன.

"பழைய பிளாஸ்டிக்ல இருந்து ரசாயனம் தண்ணியில இறங்கும்ங்க. அதைச் சோதிக்கத்தான் எனக்குச் சம்பளமே."

"மூணு வருஷமா குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று ஒரு பட்டியலே போட்டிருப்பேன். மாமியார் பக்கத்தில் இருந்தார், விட்டுவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி
பழைய பாட்டில்களை உருக்கிப் புது பாட்டில் செய்கிறது எங்கள் கம்பெனி. இந்த முறை ஐந்து லாட், அதாவது தனித்தனியாக உருக்கிய ஐந்து தொகுதி. லாட்டுக்கு ஒரு பாட்டில். ஜூஸுக்குப் பதில் லேசான அமிலம் ஊற்றி, அறுபது டிகிரி சூட்டுப் பெட்டியில் பத்து நாள். பிறகு அமிலத்தில் என்ன இறங்கியிருக்கிறது என்று மெஷின் சொல்லும்.

ஆறாவதாக வீட்டு அலமாரிப் பாட்டில் ஒன்றையும் உள்ளே தள்ளினேன். அதுவும் எங்கள் கம்பெனி சரக்குதான், மூன்று வருடப் பழசு, அதே அச்சு. ஒரு கீறல் இல்லாமல் வைத்திருக்கிறார் மனுஷன். லேபிளில் 'வீ' என்று எழுதினேன். சூட்டில் லேபிள் உரிந்துவிடுகிறதே என்று ஆறையும் மூடியில் ஒட்டினேன். என்ன மூளை எனக்கு.

ஜூன் 11, புதன்
மேனேஜர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஆறு இருக்கே?" என்றார். "ஒண்ணு ஸ்பேர் சார்." பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று தெரியாது.

ஜூன் 16, திங்கள்
ஐந்தும் பாஸ். 'வீ' மட்டும் ஃபெயில் — ஆன்டிமணி என்கிற நச்சு உலோகம் வரம்பைப்போல இரண்டு மடங்கு. அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். நாளை காலை லாரி கிளம்பும். பள்ளிக்கூடங்களுக்குப் போகிற ஜூஸுக்கான பாட்டில்கள்.

மெஷின் தந்த தாளை வீட்டில் மேஜைமேல் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். சாக்கு எடுத்துவந்து மீதி முப்பத்தொன்றையும் அவரே கட்டி வெளியே வைத்தார். ஜெயித்துவிட்டேன். முகத்தைப் பார்க்கத்தான் கொஞ்சம் பாவமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்
போச்சு.

காலையில் பாட்டில்களைக் கழுவ எடுத்தேன். 'வீ' மூடி போட்ட பாட்டிலின் அடியில் போன மாதத் தயாரிப்புத் தேதி. மூன்று வருடப் பழசு போன மாதம் எப்படிப் பிறக்கும்? உதவியாளர் அக்காவைக் கேட்டேன்.

"நேத்து பெட்டியில இருந்து எடுத்ததும், ஆறட்டும்னு எல்லா மூடியையும் கழட்டித் தட்டுல வச்சேன். அப்புறம் கைக்கு வந்ததைப் போட்டேன். நீ அதுக்கப்புறம்தானே அளந்தே? எல்லாம் ஒரே மூடிதானே?"

ஒரே மூடிதான். அப்படியானால் ஃபெயிலானது எங்கள் புது பாட்டில். வீட்டுப் பாட்டில் ஏதோ ஒரு லாட் பெயரில் பாஸாகி நிற்கிறது.

வெளியே லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் கழுவிக் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? — ச்சீ, என்ன யோசிக்கிறேன். குழந்தைங்க குடிக்கப் போறது. ஓடிப்போய் மேனேஜரிடம் கொட்டிவிட்டேன்.

"வீட்டு பாட்டிலா? எதுக்கும்மா?"

"வீட்டுக்காரரோட சண்டை சார்."

அவர் ஃபோனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார்.

ஜூன் 18, புதன்
வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மேனேஜரிடம் சொல்வது சுலபம். ஆயுசு முழுக்க மேனேஜரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை.

ஜூன் 27, வெள்ளி
மறுசோதனை முடிந்தது. லாட்டுக்கு மூன்று பாட்டில், லேபிள் பாட்டில் உடம்பில். நான்காம் லாட் மூன்றும் ஃபெயில். அது முழுக்க இனிப் பார்சல் கட்டும் பட்டையாகப் போகும். வேலை தப்பித்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம்: 'சொந்தச் சச்சரவுக்காக ஆய்வகத்தைப் பயன்படுத்தியமைக்காக.'

ஜூன் 29, ஞாயிறு
சொல்லிவிட்டேன். உங்க பாட்டில் சுத்தம், கெட்டது எங்களுதுதான் என்று. சாகும்வரை குத்திக்காட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "லாரி போகலையே?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றேன். கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 4, வெள்ளி
கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிறார். என் மானம் போகிறது. இன்று பக்கத்து வீட்டு டீச்சருக்குப் படித்தபோது, கடிதத்தில் இல்லாத ஒரு வரியைக் கடைசியில் அவரே சேர்த்துப் படித்தார்: 'லாரியை நிறுத்தியவரும் இவரே.'