மறைகிறவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள் காணாமல் போனது. தொலையவில்லை அக்கா, மறைந்தது! கடுகளவு உலோகத் துணுக்கு. அதைச் சுற்றி நாங்கள் செய்த மெல்லிய உறை. சிவப்பு ஒளியைப் பாய்ச்சினோம். ஆற்றுநீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல ஒளி அதைச் சுற்றிப் போய் மறுபுறம் சேர்ந்துகொண்டது. பின்னாலிருந்த கோடுகள் ஒன்றுகூட வளையாமல் தெரிந்தன. எதற்கும் அசையாத எங்கள் பேராசிரியரே, "இன்னொரு தரம் காட்டுப்பா" என்று கெஞ்சினார்.

இருபதாம் தேதி எல்லோர் முன்னிலையிலும் செய்துகாட்டுகிறோம். நீ வந்தே ஆக வேண்டும். சாக்குப்போக்குச் சொல்லாதே.

உன் தம்பி

மார்ச் 7

என் ராஜாவுக்கு,

சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மூன்று தரம் படித்தேன். இல்லாத ஊருக்குப் போகாத வழி தேடுகிறாய் என்று கேலி செய்தேனே, அந்த வாயைக் கழுவிக்கொண்டேன்.

வர ஆசைதான். ஆனால் நீராவிக் குழாய் வெடித்து முகம் வெந்ததிலிருந்து, ஆறு வருஷமாக, வீடு விட்டால் சலவைக்கூடத்தின் இந்தப் பின்னறை, பின்னறை விட்டால் வீடு. உனக்குத் தெரியாததா? பார்த்தவுடன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்று செய். அந்த உறையை என் அளவுக்குச் செய்து அனுப்பு. யார் கண்ணிலும் படாமல் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முடியுமா?

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடுகிலிருந்து ஆள் அளவுக்கு வர என் ஆயுசு போதாது. என்றாவது யாராவது செய்யலாம். உன் கேள்வியைப் பேராசிரியரிடம் கேட்டேன். கரும்பலகையில் ஒரு கண்ணை வரைந்து, "உள்ள இருக்கிறவங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்றார்.

ஒளியெல்லாம் உன்னைச் சுற்றிப் போய்விட்டால் உன் கண்ணுக்குள் எது வரும்? முழுதாக மறைகிறவருக்கு முழு இருட்டு. பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் ஒளியையாவது நீ பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் நீ தெரிந்துவிடுவாய். இத்தனை வருஷம் படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை, உனக்காகக் கேட்டபிறகுதான் புரிந்தது.

உன்னை ஒளித்துவைக்க என்னால் முடியாது அக்கா. வராவிட்டால் கோபிக்க மாட்டேன்.

உன் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து பைத்தியக்காரி மாதிரி கண்ணை மூடி மூடித் திறக்கிறேன். திறக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ புறப்பட்ட வெளிச்சம் வந்து எனக்குள் நிற்கிறது. இத்தனை நாளும் இது நடந்திருக்கிறதே, இந்த முகத்திலேயே!

நேற்று பஸ் நிறுத்தம்வரை போய்ப் பார்த்தேன். ஒரு பெண் திரும்பிக்கொண்டாள். வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் பஸ் வரும்வரை நின்றேன்.

பத்தொன்பதாம் தேதி மதியம் வந்து சேர்கிறேன். முக்காடு போட்டுக்கொள்ள மாட்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். எனக்குப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா