குடிக்காமல் வைத்த தேத்தண்ணி

இன்று காலை ஏலக்காய் மூட்டையைப் பிரித்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, அண்ணை. ரொறன்ரோவில் என் ஏலக்காயை முகர்ந்து பார்த்து, "உது போன வருசத்துச் சரக்கு, ஹபீபி. உன்ரை ஆக்களுக்கு வித்துப்போடு, எனக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். அது பழைய சரக்குத்தான்.

வெக்ஸ்போர்ட் பிளாசாவில் என் பலசரக்குக் கடைக்கு அடுத்த கதவு உங்கள் ரொட்டிக் கடை. நீங்கள் பாலஸ்தீனத்து நப்லுஸ்காரர், நான் யாழ்ப்பாணத்தான். நாம் பேசியது உடைந்த இங்கிலீஷ். எழுதும்போது எங்கள் ஊர்த் தமிழாகவே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில், இஸ்ரேல் இராணுவம் வெளியேற, உங்கள் ஊருக்கு உங்கள் ஆட்களின் சொந்தப் பொலிஸ் வந்திருந்தது. அதுவரை இஸ்ரேல் இராணுவத்தோடு சண்டைபிடித்த உள்ளூர்ப் பொடியளிடம் துவக்குகளைத் தரச்சொல்லித் தேடுதல் தொடங்கியது. உங்கள் கடைசித் தம்பியிடமும் ஒரு துவக்கு இருந்தது. தரமாட்டேன் என்று மாமன் வீட்டில் பதுங்கியிருந்தான்.

ஒரு காலை என் கடைக்கு வந்து இருந்தீர்கள். தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். தொடாமல் மேசையில் வைத்தீர்கள். சீனி குறைவோ என்று இன்னொரு கரண்டி போட்டேன். அப்போதும் தொடவில்லை. எனக்குக் கோபம் வந்தது; கோப்பையைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனேன்.

"வை அதை!" என்று கத்தினீர்கள். "எங்கடை ஊரிலை ஒருத்தனிட்டை ஒண்டு கேட்டுப் போனால், அவன் ஓம் எண்டு சொல்லுமட்டும் குடிக்கமாட்டம். நீ எடுத்தாயெண்டால் இல்லையெண்டு அர்த்தம்."

"வாயாலை கேக்கலாமே அண்ணை, நானென்ன சாத்திரியா?"

நீங்கள் சிரிக்கவில்லை. தம்பியோடு பேசச் சொன்னீர்கள். "நான் சொன்னால், கனடாவிலை ரொட்டி சுடுறவனுக்கு என்ன தெரியும் எண்டுறான். உங்கடை ஊரிலையும் உப்பிடி நடந்ததெண்டு நீ சொன்னனீ."

சொல்லியிருந்தேன்தான், முழுவதையும் அல்ல. எங்கள் ஊரில் ஓர் இயக்கம், என் தம்பி இருந்த மற்ற இயக்கத்திடம் ஆயுதங்களைக் கேட்டபோது, "எங்கடை பொடியள்தானே, குடுத்திட்டு வா" என்று அவனைத் தனியே அனுப்பியவன் நான். அவன் திரும்பி வரவில்லை. இலங்கை ஆமி சுட்டது என்றுதான் இங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன், உங்களிடமும். அப்படிச் சொன்னால் மரியாதை. என்னிடம் சாமான் வாங்குபவர்களில் பாதிப்பேர் அவனைச் சுட்ட இயக்கத்தின் பக்கம்; வியாபாரத்துக்கும் இடைஞ்சல் இல்லை.

மாமன் வீட்டு நம்பரை நீங்களே அழுத்தி ரெலிபோனை என் கையில் தந்தீர்கள். காலேஜில் படித்த இங்கிலீஷில் உங்கள் தம்பி எடுத்த எடுப்பிலேயே கேட்டான்: "எனக்குச் சொல்ல நீ ஆர்?"

"என்ரை தம்பியைத் தனிய அனுப்பினவன். அவனைச் சுட்டது எங்கடை ஆக்கள்தான்" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

அவன் குரல் இறங்கிக் கேட்டான்: "அப்ப ஆரோடை போறது?"

எனக்குத் தெரிந்தது வியாபாரம். சாட்சியில்லாமல் சரக்கைக் கைமாற்றாத புத்தியைத்தான் சொன்னேன். "பட்டப்பகலிலை போ. பள்ளிவாசல் பெரியவர், படிப்பிச்ச வாத்தியார், மாமன், எல்லாரையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கு நடுவாலை போ. சனம் பாக்கட்டும். துவக்கை வாங்கிறவன்ரை பேரைக் கேட்டு எழுது."

ரெலிபோனை வைத்ததும், ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தீர்கள். என் தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனீர்கள்.

அவன் அப்படியே போய்க் கொடுத்தான். மூன்று கிழமை சிறையில், மறியலில் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். அடுத்த வருடம் உங்களை மாரடைப்புக் கொண்டுபோனது. அவன் தப்பியதைத் தெரிந்துகொண்டு போனீர்கள். அது எனக்கு ஆறுதல்.

அந்தக் காலைக்குப் பிறகு என்னால் பழைய பொய்யைச் சொல்ல முடியவில்லை, அண்ணை. போன கிழமை சாமான் எடுக்க வந்த ஓர் அன்ரி, "உம்மடை தம்பியையும் ஆமிதானே சுட்டது?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி. எங்கடை பொடியள். அனுப்பினது நான்."

அவர் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். நான் சாமான்களைத் திரும்பத் தட்டில் அடுக்கினேன்.