ஊர்ப் பெயரை வெட்டிய ஒத்திகை

ஞாயிறு இரவு, நவம்பர்

பொங்கல் விழாவுக்கு நான் எழுதிய குடும்ப நாடகத்தின் ஒத்திகை இன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ட்வெய்ட்டாவில் நடந்தது. அதில் வரும் அம்மா மட்டக்களப்புக்காரி. நானும் அப்படித்தான். இயக்குகிற சுதன் யாழ்ப்பாணம்.

"அக்கா, ஊர்ப் பேரை எடுத்துவிடுவம்," என்றான். "பழைய அமெரிக்கக் குடும்பத் தொடர்களிலை எந்த ஊர் எண்டே சொல்லமாட்டினம். அப்பதான் பாக்கிற எல்லாரும் தங்கடை வீடு எண்டு நினைப்பினம்."

நியாயமாகத்தான் பட்டது. வெட்டினேன். ஆனாலும் உறுத்தியது.

அம்மாவாக நடிக்கும் மலரும் மட்டக்களப்புதான். அவள் கேட்டாள்: "மறுகா நான் எந்தத் தமிழ்ல கதைக்கிற?"

"'மறுகா' வேண்டாம், 'பிறகு' எண்டு சொல்லுங்கோ," என்றான் சுதன்.

அவள் அப்படியே பேசிப் பார்த்தாள். போன வாரம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த இடத்தில் இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சுதனின் முகமே சுருங்கிவிட்டது.

"சரி, உங்கடை மாதிரியே சொல்லுங்கோ."

சொன்னாள். நடிக்க வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அவள் பேச்சைக் கேலி செய்கிறார்களோ என்று பயந்தேன். அதற்குள் ஒருத்தி, "ஐயோ, எங்கடை அம்மாவும் இப்பிடித்தான்," என்றாள்.

ஊர்ப் பெயரைத் திரும்பச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. அந்த அமெரிக்கத் தொடர்களை எழுதியவர்களும் தங்கள் வீட்டுப் பேச்சைத்தான் எழுதியிருப்பார்களோ? அது எந்த ஊர்ப் பேச்சு என்று அவர்களின் ஊர்க்காரர்கள் மட்டும் கண்டுபிடித்திருப்பார்கள்.